திரும்பி வந்த சரக்கு

“ஏனுங்க மிஸ், ‘ஒருக்கா எடுத்துட்டுப் போனா மறுபடி திருப்பிக் குடுக்காதீங்க’ன்னு இங்கிலீசுல எப்படிங்க சொல்றது?”

மாரியாத்தாள் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. சொல்லிக்கொடுக்கும் சைதன்யாவுக்கு இருபத்து நாலு வயது. வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள் என்பதால் யாரையும் அதட்ட வாய் வராது.

அன்றைய பாடம் ‘கிவ் பேக்’. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. குடை, ஹெல்மெட், பக்கத்து வீட்டுக் குக்கர் என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாரியாத்தாளுக்கு அதெல்லாம் வேண்டாம். அவள் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று. அதில் இருப்பதை மட்டும் இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தால் போதும். அதற்காகத்தான் பத்து நாளாகப் போத்தனூரிலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

தாளை வாங்கி சைதன்யா சத்தமாகவே படித்துவிட்டாள்.

‘மொத ஒரு வாரம் ராத்திரியில சத்தம் போடும். அப்புறம் தானா சரியாப் போயிரும். ஒரு கால் கொஞ்சம் கட்டை. இடி இடிச்சாத் தனியா உடக்கூடாது.’

பின்வரிசையில் கிருபாசங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர். வெளியூர்ப் பார்ட்டிகளிடம் பேசுவதற்காக வகுப்பில் சேர்ந்தவர்.

“கிரைண்டருங்களா?” என்றார். “கால் கட்டைங்கறீங்க, அதான் ஆடுது, சத்தம் போடுது. அடியில ஒரு ரப்பர் வெச்சுப்போட்டாத் தீந்துது.”

அதைப் பற்றி வெளியில் பேசக் கூடாது, தான் வேலை பார்க்கிற இடத்தில் அப்படியொரு சட்டம் என்றாள் மாரியாத்தாள். வாங்கப்போவது யார் என்று கேட்டதற்கு, வெளிநாட்டுக்காரர்கள், வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றாள்.

“முன்னாடி யாராச்சும் எடுத்தாங்களா?” என்றார் கிருபாசங்கர்.

அவள் தலை குனிந்தது.

“போன வருசம் எடுத்துட்டுப் போனாங்க. பத்தொம்பதாம் நாள் கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டாங்க.”

வகுப்பு முடிந்ததும் கிருபாசங்கர் சைதன்யாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். இது ரிஜெக்ட் ஆன சரக்கு, உள்ளூரில் போணியாகாததை வெள்ளைக்காரன் தலையில் கட்டுகிற வேலை, இந்தப் பக்கம் வருசம் பூரா நடக்கிறதுதான் என்றார். “நாளைக்கு ஏதாச்சும் வந்தா, வசனம் எழுதிக் குடுத்தது நீங்கன்னு ஆயிரும், பாத்துக்கங்க மிஸ்.”

மறுநாள் மாலை முழுக்கத் தயங்கிவிட்டு, எல்லாரும் போன பிறகு சைதன்யா சொல்லிவிட்டாள். “அக்கா, குறையுள்ள சரக்கைத் தள்ளிவிட நான் சொல்லிக்குடுக்கறது எனக்குச் சரியாப் படலை.”

மாரியாத்தாளுக்குக் கோபம் வரவில்லை.

“மறைக்கறதுக்கு வரலைங்க அம்மணி. ஒண்ணு உடாமச் சொல்லிப்போடோணும்னுதான் வாரேன். எங்க ஆபீஸ் மேடம் நல்ல இங்கிலீசு பேசுவாங்க. ஆனா, நல்லதை மட்டுந்தான் சொல்லுவாங்க. போன தடவ வந்தவங்ககிட்ட நானாச்சும் வாயைத் தொறந்திருக்கோணும்.”

பிறகு, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பக்கத்தில் நிற்க முடியுமா என்று கேட்டாள். நடுவில் நாக்குக் குழறினால் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமாம்.

சைதன்யாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. தவிர, அந்தச் சரக்கு என்னதான் என்று பார்த்துவிடவும் ஓர் ஆசை.

வெள்ளிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்த இடம் கம்பெனி மாதிரி இல்லை. குடோனும் இல்லை. சுவர் முழுக்கக் குழந்தைகள் கிறுக்கிய படங்கள். சோபா நுனியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதங்கள்.

கதவோரம் மாரியாத்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் லேசாகக் கட்டையான, ஐந்து வயதுப் பெண் குழந்தை.

சைதன்யா மேஜைமேல் இருந்த காகிதத்தின் தலைப்பைப் படித்தாள்: தத்தெடுப்பு.

மாரியாத்தாள் தாளைப் பிரிக்கவில்லை. குழந்தையின் தலையில் கை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராத்திரியில் அழுவாள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றாள். காலைப் பற்றிச் சொன்னாள். இடி இடித்தால் தனியாக விடக் கூடாது என்றாள். அந்த மனிதர் ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஓரிடத்தில்கூட அவளுக்கு நாக்குக் குழறவில்லை.

கடைசியாக, “ப்ளீஸ், டோன்ட் கிவ் பேக்,” என்றாள்.

அந்தப் பெண்மணி எழுந்து வந்து, மாரியாத்தாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மாட்டோம் என்று தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது.

தாளில் இருந்தது அவ்வளவுதான். சைதன்யா சொல்லிக்கொடுத்ததும் அவ்வளவுதான்.

ஆனால் மாரியாத்தாள் கையை விடவில்லை. தெரிந்த வார்த்தைகளைத் தேடித் தேடி, தானாகவே இன்னொன்று சொன்னாள்.

“யூ நோ வான்ட்... ஆபீஸ் நோ. மீ. கிவ் பேக் டு மீ.”