அக்கா பேரில் ஒரு கொக்கி

பொடிசின் மேஜையைப் பார்த்ததுமே அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

அன்று ஒன்றாம் வகுப்பில் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பிள்ளைகள் தங்கள் சாமான்களை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் இங்கிலீஷில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். இது இன்னாருடைய பை, இது இன்னாருடைய பாட்டில் என்று.

"பேரை எழுதிக் கடைசியில எஸ் போடணும். பேருக்கும் எஸ்ஸுக்கும் நடுவில, மேலாக்க ஒரு சின்னக் கொக்கி," என்று டீச்சர் பெற்றோருக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார். "பொருள் யாரோடதோ, அவங்க பேரில மாட்டிடணும். மாட்டலைன்னா கீழே விழுந்து காணாமப் போயிடும்னு சொல்லி வச்சிருக்கேன்."

கொக்கியெல்லாம் சிவப்புக் காகிதத்தில் வெட்டியது. பாதிப் பிள்ளைகள் அதை எஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஒரு வாண்டு மூக்கு நுனியில் ஒட்டிக்கொண்டு திரிந்தது.

எது எப்படியோ, எல்லா மேஜையிலும் அந்தந்தப் பிள்ளையின் பேர் இருந்தது. பொடிசின் மேஜையில் மட்டும் பையில் 'அக்காஸ் பேக்'. பாட்டிலில் 'அக்காஸ் பாட்டில்'. மழைக்கோட்டு, ஷூ, பென்சில் டப்பா, எதையும் விட்டு வைக்கவில்லை. எல்லாம் அக்காஸ், அக்காஸ்.

அம்மா தையல்காரி. பழைய துணியைப் பிரித்துப் புதுசாக்கித் தருவதுதான் பிழைப்பே. பள்ளி திறப்பதற்கு முன்னால் பெரிய மகளின் அந்தப் பழைய பையோடு அவள் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமில்லை. புது ஜிப் வைத்தாள். கிழிந்த மூலைக்குப் பூப்போட்ட துணியில் ஒட்டுப் போட்டாள். பெரியவள் பேரை ஆசை ஆசையாய் எம்பிராய்டரி போட்டு வைத்திருந்ததை நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். கடையில் வாங்கிய பை என்று சத்தியமே பண்ணலாம். "யாராவது கேட்டா புதுசுன்னு சொல்லு," என்று பொடிசுக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தாள்.

அவ்வளவு பாடுபட்டு மூடி வைத்ததை இந்தக் குட்டி போட்டு உடைத்துவிட்டது, அதுவும் இங்கிலீஷில்.

பக்கத்து மேஜைச் சிறுமியின் அம்மா வெள்ளைக் கைப்பையோடு குனிந்து, ஒவ்வோர் அட்டையாகப் படித்துப் பார்த்தாள். படிக்கப் படிக்க அவள் முகத்தில் 'ஐயோ பாவம்' ஏறிக்கொண்டே போனது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "எங்க வீட்டில ஒரு பை சும்மாதான் கிடக்கு. இவ கொஞ்ச நாள்தான் மாட்டினா. குடுத்து அனுப்பட்டுமா?"

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"இல்லீங்க, இருக்கட்டும்." அம்மாவுக்குக் காது சுட்டது. பொடிசின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "ஏண்டி, உன் பேரை எழுதத் தெரியாதா உனக்கு? இத்தனை பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியே," என்று பல்லைக் கடித்தாள்.

"தெரியும்," என்றது பொடிசு.

டீச்சர் ஓடி வந்தார். "திட்டாதீங்கம்மா. தப்பு என் மேலதான். யாரோடதுன்னு எழுதுங்கன்னுதான் சொன்னேன். உங்க உங்க பேரைப் போடுங்கன்னு தெளிவாச் சொல்லலை. ஆனா ஒண்ணு பாருங்க, கிளாஸ்லயே ஒரு கொக்கிகூட இடம் மாறாம ஒட்டினது இவ மட்டும்தான்."

அம்மா காதில் அதெல்லாம் ஏறவில்லை. டீச்சர் புது அட்டைகளை எடுத்து நீட்டினார்.

"கண்ணு, உன் பேர் போட்டு மாத்தி ஒட்டிடலாமா?"

பொடிசு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"மாட்டேன்."

"ஏன்டா? அக்கா எல்லாத்தையும் உனக்குக் குடுத்துட்டாதானே?"

"குடுத்துட்டா."

"அப்ப உன்னோடதுதானே?"

பொடிசு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தது. இதுகூடப் புரியாதவருக்கு யார் டீச்சர் வேலை கொடுத்தது என்கிற பார்வை.

"எங்கக்கா ஓட்டப் பந்தயத்துல ஃபர்ஸ்ட்டு வந்தப்ப இந்த ஷூதான் போட்டிருந்தா, டீச்சர். இந்த பாட்டில்லதான் தண்ணி குடிச்சா. இந்தப் பையிலதான் கப்பை வச்சு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா." மூச்சு வாங்கிக்கொண்டது. "என் பேரைப் போட்டா அது சும்மா ஷூ."



அம்மா அந்த ஷூவைப் பார்த்தாள். தேய்ந்த முனை தெரியக் கூடாதென்று காலையில் அவளேதான் பாலிஷை அப்பியிருந்தாள். பெரியவளும் கண் முன்னால் வந்து நின்றாள், சின்னவளும் நின்றாள். இரண்டு பேரையும் நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தோளை அழுத்திப் பிடித்திருந்த கை தானாக ஏறிப் பொடிசின் தலையைத் தடவியது.

அப்புறம் நிமிர்ந்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"பை வேண்டாங்க. இதுல இவ அக்கா பேர் இருந்தது, நான்தான் புத்திகெட்டுப் பிரிச்சுட்டேன். இன்னைக்கே திரும்பத் தச்சுடறேன்."

வெள்ளைக் கைப்பைக்காரி வாயைத் திறப்பதற்குள், யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அவளுடைய ஒரே மகள். தன் புத்தம்புதுப் பையில் ஒட்டியிருந்த அட்டையை அதற்குள் உரித்துக் கையில் வைத்திருந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு அக்கா வாங்கித் தர்றியா? பழசா இருந்தாலும் பரவாயில்லை."