பன்னிரண்டாவது படம்

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த மச்சினனின் பெட்டிக் கேமராவில் எடுத்த பன்னிரண்டு படங்களும் கழுவி வந்திருந்தன. பார்க்கப் பார்க்கத் தில்லைநாயகத்துக்கு எரிச்சல் மூண்டது.

“ஏட்டி வடிவு, படம் எடுக்கேன்னு பிள்ளைகள்ட்ட யாரு சொன்னா? வீட்டுல எப்பவும் இருக்க மாதிரி வரணும்னுதான், தெரியாம கேமராவ வயித்தோட ஒட்டி வச்சு அமுக்குனேன். எல்லாரும் போலீஸ் பரேடு மாதிரி வெறச்சுப்போய் இருக்கிய!”

சோற்றுத் தட்டின் முன் மகள், புத்தகத்தோடு மகன், கதவோரம் மனைவி வடிவாம்பாள். பதினொரு படங்களிலும் ஒரு சிரிப்பில்லை.

பன்னிரண்டாவதில் மூவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது.

“இந்தா, இதுல்லா படம்! இத எப்ப எடுத்தேன்?”

“அது நீங்க ஆபீசுக்குப் போன பெறவு என் தம்பி எடுத்தது.”

“அப்ப மத்ததெல்லாம்?”

வடிவாம்பாள் தயங்கினாள். “நீங்க எடுத்ததே எங்களுக்குத் தெரியாது. நீங்க வீட்டுல இருந்தா நாங்க எப்பவும் இப்படித்தான் இருப்போம்.”

உள்ளறையில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தில்லைநாயகம் எழுந்து போனார். அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. இருவரும் எழுந்து நின்றார்கள்.

“சும்மா சிரிங்க மக்கா” என்றார்.

சிரித்தார்கள், போட்டோவுக்கு நிற்பவர்களைப் போல.