வால்வு ஆம்பின் ரசிகை

"மாமா, இந்தப் பழைய வால்வு ஆம்பை வித்துடுங்க. லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டா நூறு ஆம்போட சத்தமும் வரும்," என்றான் கிடாரிஸ்டிடம் அவர் மனைவியின் தம்பி.

கிடாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கிடாரிஸ்ட் பார்த்தார். பிணக்கனம். விடாத மழையில் கச்சேரியும் இல்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

"வித்தீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்," என்று குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தாள் மனைவி. கிடார் என்றாலே தலைவலித் தைலம் தேடுகிறவள்.

"உனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமாக்கா?"

"தெரியாமலா, மழை ஆரம்பிச்சதுலேர்ந்து அவரை தினமும் வாசிக்கச் சொல்றேன்? லேப்டாப் இதுக்கு ஈடாகுமாடா?"

கிடாரிஸ்ட் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டிலேயே ஒரு ரசிகை.

தம்பி லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினான். இவர் உருகி உருகி வாசித்தார். வழக்கமாக அவளே வந்து அணைக்கும் ஸ்விட்சை, இன்று தாமே அணைக்க ஆம்பின் பின்பக்கம் போனார்.

அங்கே வால்வுகளின் அனலில், கொடி நிறையக் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அணைச்சிடாதீங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் ரெண்டு பாட்டு வாசிங்க. உங்க பனியன் காயலை."