பெரியவரின் குளியல்

“பெரியவரைக் குளிப்பாட்டியாச்சா?”

காபித் தம்ளரோடு பின்வாசலில் வந்து நின்று கேட்டான். அவன் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் கழுத்துப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்பதான் ஆரம்பிக்கிறேன். தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்.”

பெரியவர் என்பது ஒரு பழைய படகு எஞ்சின். அவளுடைய முதல் கணவர் படகு ஓட்டிப் பிழைத்தவர். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படகு அப்போதே கைமாறிவிட்டது. எஞ்சின் மட்டும் கொல்லையில் ஒரு மரத்தாங்கியில் மாட்டியபடி நின்றது. அதற்குப் பெரியவர் என்று பேர் வைத்தவன், இரண்டாவதாக வந்த இவன்தான்.

ஞாயிறு தவறாமல் அதை ஓட்டுவாள். ஓட்டாமல் போட்டால் இறுகிவிடுமாம். அடியில் தண்ணீர் இழுக்கும் துளைகளின் மேல் இரண்டு ரப்பர் கிண்ணங்களை, காதைப் பொத்துவது போலக் கவ்வ வைப்பாள். அதில் தோட்டத்து ஹோஸைச் சொருகி, குழாயைத் திறந்த பிறகுதான் கிளப்புகிற கயிற்றை இழுப்பாள். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்கே வந்துவிட்டது என்று எஞ்சினை நம்பவைக்கிற வேலை.

அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனவள் அவள். இதற்கு மட்டும் இடுக்கிலெல்லாம் விரல் விட்டுத் துடைக்கிறாள். இருக்கிறவனோடு மல்லுக்கட்டலாம். இல்லாதவனை என்ன செய்வது?

அன்றைக்குக் கவனிப்பு இன்னும் பலமாக இருந்தது. மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் இருந்த முதல் கணவரின் பெயரை உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தாள். மங்கியதை அழித்துவிட்டுப் பெரிதாக எழுதப் போகிறாள் என்று அவனுக்குப் பட்டது.

“கடையில தங்கக் கலர்கூடக் கிடைக்குது,” என்றான்.

அவள் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பக்கத்தில் இருந்த சின்னத் துளையிலிருந்து தண்ணீர் மெல்லிய தாரையாக வளைந்து விழுந்தது. அதில் விரலை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒருநாளும் தன் பக்கம் திரும்பியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

செல்போன் அடித்தது. “ம், ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்களே கேளுங்க,” என்று போனை எஞ்சின் பக்கம் நீட்டினாள். பழைய நாத்தனாராக இருக்கும் என்று நினைத்தான். அண்ணன் குரலைக் கேட்பது போல உட்கார்ந்து கேட்பாள்.

“தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். கொஞ்சம் பாத்துக்குங்க. இந்தத் தண்ணி விழறது நின்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க. தண்ணி இல்லாம ஓடினா செத்துடும்.”

கடைசி வார்த்தை அவனுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் குழாயை மூடினான். தாரை நூலானது, சொட்டானது, நின்றது. எஞ்சின் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. பிறகு ரப்பர் கருகும் வாசனை வந்தது. சத்தம் கரகரத்து ஏறி, பேசிக்கொண்டிருந்தவன் வாயை யாரோ பொத்தியது போல நின்றது.

குழாயை மறுபடி திறந்துவிட்டான். மிச்சமிருந்த காபியைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது. ருசியாக இருந்தது.

அவள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். படகுக்காரர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் மூடியில் கை வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டார். கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை.

“போன்ல நல்லாத்தானே கேட்டுது,” என்றார். ஹோஸில் தண்ணீர் வருவதைக் குனிந்து பார்த்தார். “உள்ளே பிடிச்சுக்கிச்சும்மா. தண்ணி இழுக்கற பம்பு பழசு, எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது. இனி சும்மா கொடுத்தாலும் எனக்கு உதவாது.”

எஞ்சினைச் சுற்றி எடுத்துப்போகக் கொண்டுவந்த சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

“இதை... விக்கறதா இருந்தியா?” என்று கேட்டான்.

“இதைப் பாத்தா உங்க முகம் எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? ஓடற நிலையில ஒரு நல்ல கையில ஒப்படைச்சுட்டா, அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் வாராவாரம் இந்தப் பாடு.”

குழாயை மூடினாள். பெயர் அழிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் போயிருக்காது. அவள் கையை எடுக்கவில்லை.

“விடு,” என்றான். “பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்.”

“வேண்டாங்க. வெயில்லயும் மழையிலயும் நின்னது போதும். ஒரு கை பிடிங்க, கூடத்துல கொண்டு போய் வெச்சுடலாம்.”

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் அவனைப் பார்க்காமல், எஞ்சினைப் பார்த்துச் சொன்னாள்.

“அவருக்குப் போக மனசில்லை.”