குசினிக் கரப்பான்

“றோசம்மாக்கா, இது குசினியில திரியிற கரப்பான். காட்டு மரத்துக்கு எப்பிடி வந்தது?”

பாலைமரத்தில் கட்டியிருந்த சிறிய மரப்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி பிரணவன் கேட்டான். முள்ளிக்குளத்துக் காட்டில் இப்படிப் பல பெட்டிகளை ஆராய்ச்சிக்காக அவன்தான் கட்டுவித்திருந்தான். பூச்சிகள் பகலில் தாமாகவே வந்து உள்ளே ஒதுங்கும். கதவைத் திறந்து எண்ணிவிட்டு மூடவேண்டியதுதான். ஒன்றையும் பிடிப்பதுமில்லை, கொல்வதுமில்லை. அவன் வராத நாட்களில் எண்ணுவதற்கு ஊரிலிருந்து றோசம்மாவைச் சம்பளத்துக்கு வைத்திருந்தான்.

பெட்டிகள் வெறுமையாகவே கிடந்தன. ‘இப்படியே போனால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வேறு காட்டுக்குப் போகவேண்டியதுதான்’ என்று ஒருநாள் அவளிடம் அலுத்துக்கொண்டான். சொல்லி வாய் மூடவில்லை, பெட்டிகள் நிறையத் தொடங்கின. அவனும் உச்சி குளிர்ந்து மேலிடத்துக்கு எழுதிவிட்டான். பாழாய்ப்போன சமையலறைக் கரப்பானுக்குத்தான் காட்டுப் பூச்சியாக நடிக்கத் தெரியவில்லை.

“வீட்டில பிடிச்சுப் போத்தலில கொண்டந்தனான், தம்பி,” என்றாள் றோசம்மா. தலை நிமிரவில்லை.

பிரணவனுக்கு நெஞ்சு கசந்தது. சொந்த அக்காவைப் போல அவளை நம்பியிருந்தான்.

“வெறுமையா இருந்தா வெறுமை எண்டுதானே சொல்லோணும்? அதுவும் கணக்குத்தான். என்ர பேரையே கெடுத்துப் போட்டியள். ஒரு சம்பளத்துக்காகவோ இவ்வளவும்?”

“சம்பளம் வேண்டாம். உங்களைக் கும்பிட்டன், பெட்டியளை மட்டும் கழட்டாதேங்கோ. நான் சும்மா வந்து பாக்கிறன்.”

கூலியில்லாமல் இந்த முட்பற்றைக்குள் யார் வந்து நடப்பார்கள்? அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

“களவா மரம் வெட்டுற ஆக்களுக்கு வழி காட்டுறியளோ?”

“மடு மாதா அறிய இல்லை, தம்பி.” அவள் கைகூப்பினாள். “காட்டைச் சுத்தி அரசாங்கம் வேலி போட்டபிறகு ஊர்ச்சனத்தை உள்ள விடுறதில்லை. நீங்கள் தந்த கடிதத்தைக் காட்டித்தான் நான் வந்து போறன். பெட்டி இல்லாட்டிக் கடிதமும் இல்லை.”

“காட்டுக்க உங்களுக்கு அப்பிடி என்ன அலுவல்? அதைச் சொல்லியே கடிதம் கேட்டிருக்கலாமே.”

“சொன்னா வந்து கிண்டிப் போடுவினம்.”

“என்னத்தை?”

றோசம்மா அழுதுவிட்டாள். மரத்தடியில் முழங்காலிட்டு, சருகுகளைக் கையால் மெல்ல ஒதுக்கினாள்.

“சண்டைக்க இடம்பெயர்ந்து ஓடேக்க காய்ச்சல் கண்டு போனவள், தம்பி. என்ர மகள் கிருஷிகாவை இதிலதான் குழி வெட்டித் தாட்டனாங்கள்.”