புகையும் கொடியும்

கப்பற்படையிலிருந்து வந்த கேப்டன் துச்சின், ஓவியத்தை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் சமையலறையில் அவ்வளவு குளிர்.

அவர் சரி என்றால் என் கணவர் க்ளெப்புக்கு இன்னொரு மாதம் தொழிலாளர் ரொட்டி அட்டை. இல்லையென்றால் என்னுடையதைப் போலச் சார்ந்திருப்போர் அட்டைதான். நாளுக்கு ஒரு துண்டு ரொட்டி, அதிலும் பாதி உமி.

க்ளெப் முப்பது வருடமாகக் கடலையும் கப்பலையும் மட்டுமே வரைந்தவர். மனித முகம் வரையச் சொன்னால் ஓடிப்போவார்.

எங்கள் லெனின்கிராதை ஜெர்மானியர் முற்றுகையிட்டபின், ஊரை வரைந்து தரும்படி கப்பற்படை கேட்டது. எண்ணெய் வண்ணத்துக்கு வைத்திருந்த ஆளிவிதை எண்ணெயில் நவம்பரிலேயே அப்பம் சுட்டுத் தின்றுவிட்டோம். அதனால் நீர்வண்ணம். கிண்ணத்துத் தண்ணீர் உறையாமல் இருக்க அடுப்பின் மேலேயே வைத்திருப்போம்.

படத்தில் உறைந்த நேவா நதி. பனியில் துளையிட்டுத் தண்ணீர் மொள்ளும் பெண்கள். பின்னால் பனியில் சிக்கி நிற்கும் போர்க்கப்பல்.

"பொம்பளைங்க நல்லா வந்திருக்காங்க," என்றார் கேப்டன். "முகமெல்லாம் இருக்கே! நம்ம க்ளெப்பா இது?"

கட்டிலில் மூன்று கோட்டுகளுக்கு அடியில் க்ளெப் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். காய்ச்சல், தூங்குகிறார் என்று சொல்லி வைத்திருந்தேன்.

கேப்டனின் விரல் கப்பலுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"புகை இடப்பக்கம் போகுது. கொடி வலப்பக்கம் பறக்குது."

எனக்கு உயிரே போய்விட்டது.

"இருபது வருஷம் இவர்கூடக் கப்பல்ல போயிருக்கேன், தைசியா பெத்ரோவ்னா. குடிச்சிருந்தாக்கூட மனுஷன் காத்தைத் தப்பா வரைய மாட்டார்."

கைகளைப் பின்னால் மறைத்தேன். நகத்தில் நீலச்சாயம் இருந்தது. அவர் அதற்குள் பார்த்துவிட்டார்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிசம்பரிலிருந்து க்ளெப்புக்குக் கண் தெரியவில்லை. பசியால் வந்தது என்றார் டாக்டர். ஜன்னலில் தெரிந்த நதியையும் பெண்களையும் நானே பார்த்து வரைந்தேன். கப்பலை மட்டும் அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். கப்பலில் எது முன், எது பின் என்றுகூட எனக்குத் தெரியாது.

கேப்டன் கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"இதுக்கு ஏன் அழறீங்க? ஊர்ல பாதி ஓவியருங்க குழுவாத்தான் வரையுறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு குழு. ரெண்டு கையெழுத்து போடுங்க, ரெண்டு பேருக்கும் தொழிலாளர் அட்டை. நாளைக்கு அவரால முடியாமப் போனாலும் உங்க அட்டை உங்களோடதுதான்."

முதலில் அவர் பெயரை எழுதினேன். அதன் கீழே என் பெயரை.

கேப்டன் படத்தோடு படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது.

"கொடியைப் பார்த்தானா?"

க்ளெப் தூங்கவே இல்லை.

"பார்க்காம? மானமே போச்சு!" என்று சண்டைக்குப் போனேன். "கொடி வலப்பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க? ரெண்டு தடவை கேட்டேனே!"

"ஆமா, நான்தான் சொன்னேன்."

பார்வையில்லாத அந்தக் கண்களில் குறும்பு இருந்தது.

"எனக்கப்புறம் உனக்கு யார் ரொட்டி குடுப்பாங்க, தாஸ்யா? வரையுறது நீதான்னு அவனுக்குத் தெரிய வேணாமா? நேராச் சொல்றேன்னா நீ விட்டிருக்க மாட்டே."

கோட்டுகளை விலக்கி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.