எல்லை தாண்டிய படகு

ஆக்லாந்துக் கடலில், மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்ட பகுதியின் ஓரமாக நின்ற சிறு படகை ரோந்து அதிகாரி முனியராஜ் நெருங்கினான். படகில் ஒரு பெரியவர் தூண்டிலோடு தனியாக இருந்தார்.

"எல்லை தாண்டியிருக்கீங்களான்னு பார்க்கணும் சார்," என்றான் ஆங்கிலத்தில்.

சட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் பெரியவர் கொச்சைத் தமிழுக்கு மாறினார். "தாண்ட இல்ல தம்பி. நான் பழைய இலங்கை நேவி. எல்லை எனக்குத் தெரியும்."

அந்தக் குரலை முனியராஜ் சிறுவயதில் கேட்டிருந்தான்.

"எங்க வேலை பார்த்தீங்க?"

"ரெண்டு நாடும் எங்கட எண்டு சண்டை போடுற ஒரு தீவு. அங்க முகாமுக்கு நான்தான் பெரியவன்."

"தெரியும். ராமேஸ்வரத்துப் படகு ஒண்ணைப் பிடிச்சு எங்கப்பாவை முட்டி போட வச்சீங்க. பக்கத்துல நானும் இருந்தேன். படகு திரும்பி வரவே இல்ல. அப்பா அதுக்கப்புறம் கடலுக்கே போகல."

பெரியவர் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"அது மேலிடத்து உத்தரவு தம்பி... அந்த மெஷினை ஒருக்காப் பாருங்க."

முனியராஜ் கையிலிருந்த, எல்லை காட்டும் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தான். பிறகு நிதானமாக அதை அணைத்துப் பையில் போட்டான்.

"தாண்டிட்டீங்க. படகைப் பறிமுதல் பண்றேன்."

பெரியவர் கைகூப்பினார். அவன் அவர் படகில் கயிற்றை மாட்டி இறுக்கினான். இத்தனை வருஷமாக நெஞ்சில் கனன்றது ஒருவழியாக ஆறியது.

திரையில் தெரிந்தது அவனுக்கு மட்டுமே தெரியும். பெரியவரின் படகு எல்லை தாண்டாமல்தான் நின்றது.

அன்று அப்பாவின் படகும் அப்படித்தான் நின்றது.